கோகனி பிடிக்கப் போகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுவது பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். படிக்க நன்றாக இருந்தது, படங்களும் பரவாயில்லை. ஆனால் கோகனி மீன் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு வரி வருகிறது: எந்த ஏரியில் எத்தனை குஞ்சு விட்டோம் என்று அரசே இணையத்தில் பட்டியல் போடுகிறது, அதில் அதிகம் விட்ட ஏரியாகப் பார்த்துப் போனால் போதும், கை நிறைய மீனோடு வரலாம் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் யாரும் எழுதிக் கொடுக்காமலே அதே யோசனை எனக்கும் வந்து, அதை நம்பி ஒரு முழு மே மாதத்தையும் கணிசமான பெட்ரோலையும் தண்ணீரில் விட்டவன் நான்.

நான் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே சம்மாமிஷ் ஏரிப் பக்கம் பதினோரு வருஷமாக இருக்கிறேன். வேலை கம்ப்யூட்டரில், நாள் முழுக்க எண்களைப் பார்த்து முடிவெடுக்கிற வேலை. அந்தத் திமிர்தான் மாட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை, உங்கள் வாசகர்களில் இதைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கோகனி என்பது தனி இனம் இல்லை. இங்கே கடைகளில் நல்ல சிவப்புச் சதையோடு விற்கிறார்களே சாக்கை சால்மன், அதேதான், ஆனால் கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வளர்ந்து முடிந்துவிடுகிற வகை. கடலுக்குப் போகிற அண்ணன் மூன்று கிலோ நிற்பான், ஏரியோடு தங்கிவிட்ட தம்பி அரை கிலோவைத் தொட்டாலே பெரிய விஷயம். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வயதில், இலையுதிர் காலத்தில், உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பாகி, தலை மட்டும் பச்சையாகி, ஓடையில் ஏறி முட்டையிட்டுச் செத்துப்போகும். ஒரு ஆயுசுக்கு ஒரே தடவை. இந்த மூன்று நான்கு வருஷக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலைப் படிக்கிற வித்தை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

இனி என் கதை. இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வருஷம் மாநில மீன்துறைப் பட்டியலைத் திறந்து, எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினேன். பக்கத்திலேயே, ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஒரு ஏரியில் அந்த ஏப்ரலில் ஒரு லட்சத்துக்கு மேல் கோகனி விட்டிருந்தார்கள். நாகர்கோவில்காரத் தம்பி ஒருவர் என்னோடு வருவார், கடற்கரையில் வளர்ந்தவர், தங்கூசியைத் தொட்டுப் பார்த்தே எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவரிடம் காட்டினேன். "அண்ணே, லட்சம் மீனுன்னா தண்ணியே தெரியாதே" என்றார். சரி, போனோம். நான்கு சனிக்கிழமை போனோம். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, வாடகைப் படகு எடுத்து, இரையை மாற்றி, ஆழத்தை மாற்றி, கடைசியில் ஒருவரை ஒருவர் குறை சொல்லி, ஒரு கோகனிகூட இல்லை. நான்காவது வாரம் படகுத்துறையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டார். லட்சம் மீன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. சுண்டு விரலை நீட்டி, அதன் பாதியில் கட்டைவிரல் நகத்தை வைத்து, நீ தேடுகிற மீன் இப்போது இவ்வளவுதான் இருக்கும், இரண்டு வருஷம் கழித்து வா என்றார். வீட்டுக்கு வந்து பழைய பட்டியல்களைப் புரட்டினால், அதற்கு முந்தைய மூன்று வருஷம் அந்த ஏரியில் கோகனி விடவே இல்லை. அதாவது பிடிக்கிற அளவில் ஒரு மீன் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், நாம் டிரவுட் பட்டியலைப் படிக்கிற பழக்கத்தில் கோகனியையும் படிக்கிறோம். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பண்ணை வைத்து வளர்க்கிறார்களே, அதே ரெயின்போ டிரவுட்டைத்தான் இங்கே தட்டில் வைக்கிற அளவுக்கு வளர்த்து லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். தாழ்நில ஏரிகள் பலவற்றில் ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை சீசன் திறக்கும்போது பாதி ஊர் அங்கேதான் நிற்கும். அந்த மீனுக்கு "போன வாரம் எத்தனை விட்டார்கள்" என்பது நியாயமான கேள்வி. கோகனியைப் பெரும்பாலும் அப்படி வளர்த்து விடுவதில்லை, பொடிக் குஞ்சாக, கொஞ்சம் போனால் நம்மூர் மீன்துறை விரலி என்று சொல்லுமே அந்த அளவில் விடுவார்கள். மிச்சத்தை ஏரி வளர்க்கவேண்டும்.

இதைப் பட்டியலே சொல்லும், பார்க்கத் தெரிந்தால். பெயர், தேதி, வகை, எண்ணிக்கை இவற்றோடு ஒரு பவுண்டுக்கு எத்தனை மீன் என்று ஒரு கட்டம் இருக்கும். நான் அதைக் குப்பை என்று நினைத்து மறைத்து வைத்திருந்தேன். உண்மையில் பட்டியலின் உயிரே அதில்தான் இருக்கிறது. அங்கே 2.5 என்று போட்டிருந்தால் ஒரு மீன் 180 கிராம், இன்றைக்கே வறுக்கலாம். 500 என்று போட்டிருந்தால் ஒரு மீன் ஒரு கிராம்கூட இல்லை. லட்சம் மீன் என்று நான் மயங்கியது மொத்தமாகப் போட்டு நிறுத்தினால் இரண்டு அரிசி மூட்டை எடைதான் வந்திருக்கும்.

ஆக, பட்டியலைப் பின்னால் தள்ளிப் படிக்கவேண்டும். 2021 வசந்தத்தில் விட்ட குஞ்சு 2022-ல் தூண்டிலில் மாட்டினாலும் பாவம் பார்த்து விடுகிற அளவுதான் இருக்கும், 2023 கோடையில் பத்து, பன்னிரண்டு அங்குலம் வந்திருக்கும், அந்த இலையுதிர் காலத்திலேயே பெரும்பாலானவை சிவந்து போய்ச் சேர்ந்துவிடும், சில ஏரிகளில் ஒரு கூட்டம் இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கும். எனவே இந்தக் கோடைக்கு ஏரி தேடுகிறவர் இரண்டு வருஷம், மூன்று வருஷம் முந்தைய பட்டியலைத்தான் எடுக்கவேண்டும். இந்த வருஷத்துப் பட்டியலை மடித்து வைத்துவிடலாம், பின்னால் உதவும். ஒரு வருஷம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். இந்த மாநிலத்து ஏரிகள் பலவற்றுக்கு வேண்டிய கோகனி முட்டை பெல்லிங்ஹாமை ஒட்டிய வாட்காம் ஏரி மீன்களிடமிருந்துதான் வருகிறது. அங்கே ஒரு வருஷம் முட்டை குறைந்தாலோ, பொரிப்பகத்தில் வைரஸ் நோய் வந்தாலோ, ஏதாவது ஓர் ஏரிக்குப் பங்கு கிடைக்காமல் போகும். அந்த ஓட்டை அன்றைக்குத் தெரியாது. இரண்டு கோடை கழித்துப் படகில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

கனடா வாசகர்களுக்கு ஒன்று. பிரிட்டிஷ் கொலம்பியா பட்டியலில் மீன் எந்தப் பருவத்தில் விடப்பட்டது என்பதோடு, இனப்பெருக்கம் செய்யமுடியாத மலட்டு மீனா என்பதையும் குறித்திருப்பார்கள், திரிப்ளாய்டு என்று அதற்குப் பெயர். மலட்டு மீனுக்கு ஓடையேறிச் சாகிற அவசரம் இல்லாததால் மற்றவை போன பிறகும் இருந்து வளரும். பெரிய மீன் வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

பட்டியலில் மாவட்டத்தின் பெயரையும் தயவுசெய்து படியுங்கள். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அதே நாகர்கோவில் தம்பி, நான் ஊருக்குப் போயிருந்த சமயம், தானே பட்டியல் பார்த்து டீர் லேக் என்று ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, படகுச் சவாரியில் கடலைத் தாண்டி விட்பி தீவுக்குப் போய் இறங்கியிருக்கிறார். அங்கே டீர் லேக் இருக்கிறது, அழகான குட்டி ஏரி, டிரவுட்டும் கிடைக்கும். கோகனி இருக்கிற டீர் லேக் ஸ்டீவன்ஸ் மாவட்டத்தில், மாநிலத்தின் மறுகோடியில், ஸ்போகேனுக்கும் வடக்கே இருக்கிறது, இங்கிருந்து ஐந்து மணி நேரம். பிள்ளைகள் மணலில் விளையாடிவிட்டு வந்தார்களாம்.

சரி, சரியான வருஷம், சரியான ஏரி. அப்போதாவது அதிகம் விட்ட ஏரிக்குப் போகலாமா? அதுவும் இல்லை. ஏரியின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் ஏக்கரில் ஒரு லட்சம் குஞ்சு விட்டால் ஏக்கருக்கு நூறு. நூறு ஏக்கரில் முப்பதாயிரம் விட்டால் ஏக்கருக்கு முந்நூறு. கோகனிக்குச் சாப்பாடு டாஃப்னியா என்கிற, வெறும் புள்ளியாகத் தெரிகிற நீர்ப்பூச்சி. ஏரியில் அது ஓரளவுக்குத்தான் விளையும். ஒரு சட்டிச் சோற்றில் பத்துப் பேர் உட்கார்வதற்கும் முப்பது பேர் உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசம்தான், முப்பது பேர் உட்கார்ந்த ஏரியில் நிறைய மாட்டும், எல்லாம் கெண்டைக்குஞ்சு மாதிரி இருக்கும். இந்த மீனில் உலகச் சாதனை 2010 ஜூனில் ஒரேகான் மாநிலத்து வல்லோவா ஏரியில் பிடிபட்டது, 9.67 பவுண்டு, நாலே கால் கிலோவுக்கும் மேல். அந்த அளவுக்கு ஆசைப்படச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு போய் நாலைந்து மாட்டினால் போதும் என்றால் நெரிசலான ஏரி, ஒன்றிரண்டு மாட்டினாலும் கனமாக வேண்டும் என்றால் இடம்விட்டு விட்ட ஏரி. என் வீட்டில் இரண்டாவதுதான் செல்லும், முள் எடுக்கச் சின்ன மீனோடு போராட யாருக்கும் பொறுமை இல்லை.

இனி சொல்வது எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் விட்ட மீனுக்கும் இருக்கிற மீனுக்கும் உள்ள தூரம் எனக்கு உறைத்தது. மொன்டானாவில் பிளாட்ஹெட் என்று ஒரு பிரம்மாண்டமான ஏரி. 1916-லேயே அங்கே கோகனி விட்டார்கள், நன்றாகப் பெருகியது. இலையுதிர் காலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவில் மெக்டொனால்டு ஓடை சிவப்பாகிவிடுமாம், லட்சம் மீன் வரை ஏறிய வருஷங்கள் உண்டு, அதைத் தின்ன வழுக்கைத்தலைக் கழுகுகள் கூடும், 1981-ல் ஒரே நாளில் 639 கழுகு எண்ணியிருக்கிறார்கள். இதற்கு நடுவே, கோகனி இன்னும் கொழுக்கட்டும் என்று, 1968-லிருந்து மேல்பக்கத்து ஏரிகள் சிலவற்றில் மைசிஸ் என்கிற பொடி இறாலை மீன்துறையினர் விட்டார்கள். கனடாவில் கூட்டனி ஏரியில் 1949-ல் விட்டு, அங்கே கோகனி பெரிதாகியிருந்தது, அந்த நம்பிக்கை. இறால் ஆற்றோடு இறங்கி 1981-ல் பிளாட்ஹெட்டில் தென்பட்டது. பிறகு நடந்ததுதான் கூத்து. அந்த இறால் பகலெல்லாம் இருட்டில் அடிமட்டத்தில் கிடக்கும், ராத்திரி மேலே வந்து டாஃப்னியாவைத் தின்றுவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். கோகனி கண்ணால் பார்த்து, வெளிச்சத்தில் தின்கிற மீன். கோகனிக்குத் தீனியாக வந்தது கோகனியின் தீனியைக் காலி செய்தது. அடியில் கிடந்த இறாலைத் தின்று லேக் டிரவுட் என்கிற பெரிய மீன் பெருகியது, அது கோகனியையும் ஒரு கை பார்த்தது. 1989-ல் அந்த ஓடையில் ஏறிய கோகனி ஐம்பது. கழுகு 25.

அப்புறம் 1993 தொடங்கி ஐந்து வருஷம், ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கோகனியை மறுபடி விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை லேக் டிரவுட் வயிற்றுக்குள் போயின, திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த ஐந்து வருஷத்துப் பட்டியலை யாராவது எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தியிருந்தால் பிளாட்ஹெட் எங்கே நின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் இப்போதெல்லாம் ஓர் ஏரியைக் குறித்துக்கொண்டால், அங்கே வேறு என்ன மீன் இருக்கிறது என்று தேடாமல் நான் கிளம்புவதில்லை.

அணைக்கட்டு ஏரியாக இருந்தால் இன்னொரு சங்கடம், வெள்ள வருஷத்தில் மதகைத் திறந்தால் தண்ணீரோடு மீனும் போய்விடும். ஐடஹோவில் ட்வார்ஷாக் அணை ஏரியில் 1996-ல் அப்படித்தான் கோகனியில் பெரும்பகுதி போனது. மாறாக, தானாகவே ஓடையில் முட்டையிட்டுப் பெருகுகிற ஏரிகளும் உண்டு, ஒரேகானில் பில்லி சினூக் ஏரிக் கோகனி மெட்டோலியஸ் ஆற்றில் ஏறி முட்டையிட்டு வருகிறது, பட்டியலே தேவையில்லை. பட்டியலை மட்டும் நம்புகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள், நல்லதுதான், கூட்டம் குறையும்.

இத்தனை கணக்கும் போட்டு நாங்கள் முதல் கோகனியைப் பிடித்தது அந்தப் பெரியவர் சொன்னபடி இரண்டு வருஷம் கழித்து, அதே ஏரியில். ஜூன் மாதம், தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகத் தொடங்கிவிட்டால் கோகனி 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சி இருக்கிற ஆழத்துக்கு இறங்கிவிடும். படகை நடக்கிற வேகத்தையும்விட மெதுவாக ஓட்டிக்கொண்டு, பளபளக்கிற தகடு ஒன்றும் அதன் பின்னால் இளஞ்சிவப்பு ரப்பர் குஞ்சமும் கட்டி, கொக்கியில் இரண்டு வெள்ளைச் சோள முத்து. அந்தச் சோளத்தை முதல் நாள் ராத்திரியே பூண்டு எண்ணெயில் ஊறவைக்கவேண்டும், ஃப்ரிட்ஜ் முழுக்க நாற்றம், வீட்டில் அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை. சோளத்தைத் தின்னாத மீனுக்குச் சோளம் எதற்கு என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார், கோல் நுனி நடுங்கத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். "அண்ணே வெட்டி இழுக்காதீங்க, வாய் கிழிஞ்சிரும்" என்று யாரிடமோ கேட்டதை என்னிடம் கத்தினார். உண்மைதான், அதன் வாய் ஈரக் காகிதம் மாதிரி, வேகமாக இழுத்தால் உதடு மட்டும்தான் கொக்கியில் வரும். மெதுவாகச் சுற்றி, வலைக்குள் எடுத்துப் படகில் போட்டால் உள்ளங்கை முழுக்க வெள்ளிச் செதில், நகச்சாயம் கொட்டினது போல. உடனே செவுளை அறுத்து ரத்தம் வடித்து ஐஸில் வைத்துவிடவேண்டும், விட்டால் சதை குழைந்துவிடும். அன்றைக்கு ஆறு மீன். மஞ்சள், மிளகாய்த்தூள், நாலு சொட்டு எலுமிச்சை, இரும்புக்கல்லில் வறுவல். குழம்பு வைக்கக்கூடாது, கரைந்து போகும், வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம், இதை நீங்கள் தனியாகக் கட்டம் கட்டியே போடலாம். என் வீட்டுக்குப் பக்கத்துச் சம்மாமிஷ் ஏரியில் இயற்கையாகவே கோகனி உண்டு, யாரும் கொண்டுவந்து விட்டதல்ல, இந்த மண்ணின் மீன். அழிந்துபோகிற நிலையில் இருக்கிறது, 2017-18 பருவத்தில் ஓடைகளில் ஏறியது இருபதுக்கும் குறைவு என்று எண்ணினார்கள். அதைக் காப்பாற்ற முட்டையைப் பொரிக்கவைத்து ஏரியில் விடுகிறார்கள். அந்தச் செய்தியைப் பாதியில் படித்துவிட்டு, ஓகோ இங்கேயும் விடுகிறார்களா என்று கோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது. இந்த ஏரியில் கோகனி மாட்டினால் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிடவேண்டும், வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். ரெட்மண்ட், இஸக்குவா, சம்மாமிஷ் என்று ஏரியைச் சுற்றி நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம், கோடையில் பூங்காப் படகுத்துறையில் தமிழ் கேட்காத மாலை இல்லை. பதினைந்து வயதிலிருந்து உரிமம் வேண்டும் என்பதும், அந்த உரிமத்தின் வருஷம் ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது என்பதும் பலருக்குத் தெரியவில்லை, ஜனவரியில் போன வருஷச் சீட்டு செல்லாது என்று நினைத்து இரண்டாவது வாங்கியவரை எனக்குத் தெரியும்.

அதிகம் விட்ட ஏரி என்று போட்டிருந்த அந்த வரியை அடுத்த இதழில் திருத்திப் போட்டால் சந்தோஷப்படுவேன். இந்தக் கோடைக்கு நான் குறித்து வைத்திருக்கிற ஏரியின் பெயரைக் கேட்டு மட்டும் யாரும் எழுதவேண்டாம். அதைத் தம்பியிடமே இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
சம்மாமிஷ், வாஷிங்டன் மாநிலம்